இளம் குடும்பங்கள் ஏன் மூன்றாவது வாரம் காணாமல் போகிறார்கள்?

கேள்வி: எங்கள் சபைக்குக் கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளுமாக இளம் தம்பதிகள் வருகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு காணோம். ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் வேத வகுப்பு) நன்றாகத்தான் நடக்கிறது. சிறுவர் ஊழியத்தில் எதை மாற்றினால் அவர்கள் தங்குவார்கள்?

பதில்:

பதினோரு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த அனுபவத்தைவிட வேறொன்று உதவும். வகுப்பு எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால், ஒன்றரை வயது மகளோடு ஒரு சபைக்கு மூன்று வாரம் போய்விட்டு நாங்களும் காணாமல் போனவர்கள்தான்.

அந்த மூன்றாவது வாரம் அப்படியே நினைவிருக்கிறது. பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். மகள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது. ஸ்டீல் பாட்டில். விழுந்த சத்தத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு நாலு வரிசை தாண்டிப் போய் ஒரு பெரியவரின் காலில் முட்டி நின்றது. வரிசைக்கு இரண்டு தலை திரும்பியது. யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா மட்டும் எழுந்து வந்து, அன்பாகத்தான், "அந்தப் பக்கம் குழந்தைகளுக்குன்னு ரூம் இருக்கே" என்றார். கண்ணாடி போட்ட அறை. உள்ளே ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. போதகரின் வாய் அசைவதைப் பார்த்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அங்கேயும் ஓய்வுநாள் பள்ளி நன்றாகத்தான் நடந்தது. சுவரெல்லாம் நோவாவின் பேழை, அலமாரி நிறைய வண்ணப் பென்சில். வாசல் மேலே, "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று பெரிதாக எழுதியிருந்தது. இயேசு சொன்னது, மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் சுவரில் எழுதுவதில்லை. அன்று சீஷர்கள் அதட்டியது பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை! நம்மிடமும் சிக்கல் அங்கேதான். பிள்ளையை எப்படி மகிழ்விப்பது என்று கமிட்டி போட்டு யோசிக்கிறோம். தூக்கிக்கொண்டு வந்தவர் என்ன பயத்தோடு வாசலில் நிற்கிறார் என்று யோசிப்பதில்லை.

முதல் பயம், "நம் பிள்ளை சத்தம் போட்டுவிடுமோ". இதை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் தீர்க்க முடியாது, போதகர்தான் தீர்க்க வேண்டும். ஆராதனை தொடக்கத்தில், "குழந்தை அழுதால் யாரும் வெளியே ஓட வேண்டாம், நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்" என்று அவர் வாரா வாரம் சொல்லட்டும். பெற்றோருக்கு மட்டுமல்ல, திரும்பிப் பார்க்கும் தலைகளுக்கும் அது போய்ச் சேரும். கண்ணாடி அறை இருக்கட்டும், பால் கொடுக்க, தூங்க வைக்க வேண்டும்தான். ஆனால் அங்கே போவது தாயின் விருப்பமாக இருக்க வேண்டும். அப்புறம், பிரசங்கம் நேரத்துக்கு முடிய வேண்டும். வேதத்தில், அப்போஸ்தலன் பவுல் நள்ளிரவு வரை பேசியபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுலுக்கே அந்தக் கதி என்றால், பசியும் தூக்கமுமாக இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை நம் போதகருக்காக எவ்வளவு நேரம் தாங்கும்?

இரண்டாவது பயம், முன்பின் தெரியாத ஆளிடம் பிள்ளையை விட்டுப் போவது. "நாமெல்லாம் விசுவாசிகள்தானே, என்ன பயம்" என்று பதில் வரும். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவே பிடிக்காது. புதிதாக வந்தவருக்கு நாம் யார் என்றே தெரியாது. வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள், இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு யார், எப்படிக் கூட்டிப் போவது என்பதை எழுதி ஒட்ட வேண்டும். ஆசிரியர்களைப் பற்றி விசாரிக்காமல் வகுப்பைக் கொடுக்கக் கூடாது. பிள்ளையை விடும்போது ஒரு எண் சீட்டு பிள்ளையின் சட்டையில், அதன் ஜோடி பெற்றோர் கையில். சீட்டைக் காட்டினால்தான் பிள்ளை. தெரிந்த முகமானாலும் அப்படித்தான். எங்கள் சபையில் இதைத் தொடங்கியபோது மூத்தவர் ஒருவர், "இது என்ன, சைக்கிள் ஸ்டாண்டா?" என்று சிரித்தார். பன்னிரண்டு வயது இயேசுவையே யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பயணம் போன பிறகுதான் காணோம் என்று கவனித்தார்கள், மூன்று நாள் கழித்துத்தான் கண்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவரே சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்ந்தார். பெயரோடு, பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவர்தான் கேட்டு எழுதுகிறார்.

சில பிள்ளைகள் வகுப்புக்குள் வரவே மாட்டார்கள். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை தாயை விட்டுப் பிரியவிடாத அழுகை இயல்பு, சிலருக்கு மூன்று நான்கு வயதிலும் இருக்கும். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். இழுத்துப் பிடித்துக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். நான் அப்பாவையும் உள்ளே உட்காரச் சொன்னேன். முழங்கால் மோவாயில் இடிக்க, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் கத்தரிக்கோலை எடுத்து ஆட்டுக்குட்டி வெட்டத் தொடங்கினார். ஆடு நாய் மாதிரி வந்தது. அதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிக்க, அவனும் சிரித்தான். இரண்டாவது வாரமும் அப்பா உள்ளேதான். மூன்றாவது வாரம் கதவருகே நாற்காலி. நாலாவது வாரம், "அப்பா, நீங்க போங்க" என்றான்.

மூன்றாவது விஷயம் வகுப்புக்குள்ளே இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. "பேழையைக் கட்டியது யார்?" என்று கேட்டால் சபையில் வளர்ந்த பிள்ளைகள் பத்து பேர் கத்துவார்கள். புதுப் பிள்ளை வாயைத் திறக்காமல் நிற்கும். மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கும்போதும் இதேதான். வீட்டில் வேதம் வாசிக்கும் பிள்ளைக்கே எப்போதும் பரிசு. 1780-இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் ஓய்வுநாள் பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்க. ஏற்கனவே எல்லாம் தெரிந்தவர்களுக்காக வந்ததில்லை இது. அதனால் கதையை ஒவ்வொரு வாரமும் முதல்முறை கேட்பவனுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். புதுப் பிள்ளையிடம் கேள்வி கேட்பதை விட்டு, அதற்கு ஒரு வேலை கொடுங்கள், கலர் பென்சில் பங்கிட்டுக் கொடுப்பது மாதிரி. பத்து நிமிடத்தில் எல்லார் பெயரும் அதற்குத் தெரிந்துவிடும்.

"வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஜெபிக்கச் சொல்" என்று எழுதிக் கொடுக்கும் முன் யோசியுங்கள். அப்பா சபைக்கு வராதவராக இருக்கலாம், அப்பா இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று, வந்த இரண்டாவது வாரமே தாயைப் பிடித்து "ஓய்வுநாள் பள்ளியில் உதவிக்கு ஆள் இல்லை" என்று சொல்லாதீர்கள். வாரம் முழுக்கப் பிள்ளை பார்ப்பவர், அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாட வந்திருக்கிறார். பிள்ளை இல்லாதவர்களையும் தாத்தா பாட்டிகளையும் முறை வைத்து அழையுங்கள். ஆசிரியர்களுக்கும் ஆராதனையில் உட்கார மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வேண்டும்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. வாரத்தின் நடுவில் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். "ஞாயிறு வாருங்கள்" என்று எழுத மாட்டேன். பிள்ளை வகுப்பில் செய்த ஏதாவது ஒன்றை மட்டும் எழுதுவேன். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பையனின் வீட்டுக்கு, "ஞாயிறு வகுப்பில் அவன் தாவீதின் கவணுக்கு ரப்பர் பேண்ட் கேட்டான், கொடுக்கவில்லை" என்று அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவன் அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "வீட்டில் கிடைத்துவிட்டது. ஜன்னல் ஒன்று போச்சு. ஞாயிறு வருகிறோம்."