டிராக்ஸஸ் ஸ்லாஷ் ஆர்சி டிரக்கை பிரஷ்லெஸுக்கு மாற்ற எந்த மோட்டார், எந்த பேட்டரி வாங்கலாம்?

உங்களிடம் இருப்பது 1/10 அளவு, பின்சக்கர இழுவை கொண்ட ஸ்லாஷ், டைட்டன் 12டி பிரஷ் மோட்டாரும் எக்ஸ்எல்-5 ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) உள்ள வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்எல்-5 பிரஷ்லெஸ் மோட்டாரை ஓட்டாது. ஆகவே மோட்டாரையும் ஈஎஸ்சியையும் காம்போவாக வாங்குங்கள்.

பலர் கேவி எண்ணைப் பார்த்து மோட்டாரை வாங்கிவிட்டு அப்புறம் பேட்டரி தேடுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது 2எஸ் லிப்போவா 3எஸ்ஸா, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியில் இரண்டு செல்லா மூன்று செல்லா என்பதுதான். கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 3200 கேவி மோட்டார் 2எஸ்ஸில் (7.4 வோல்ட்) நிமிடத்துக்கு 23,680 சுற்று. ஸ்லாஷின் 86 பல் ஸ்பர் (பெரிய பல்சக்கரம்), 19 பல் பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறிய பல்சக்கரம்), கியர்பெட்டி உள்ளே 2.72 விகிதம் எல்லாம் சேர்ந்தால் மொத்த கியர் விகிதம் 12.31. சுமார் 110 மி.மீ டயரோடு கணக்குப் போட்டால் மணிக்கு 40 கி.மீ, 3எஸ்ஸில் 60. ஓட்டத்தில் இதில் 15-20 சதவீதம் குறையும்.

4000 கேவி வேகமாகத் தெரியும், ஆனால் அதே திருகுவிசைக்கு 3200-ஐ விட 25 சதவீதம் அதிக கரண்ட் இழுக்கும். முழு சார்ஜ் 3எஸ்ஸில் 50,000 சுற்றைத் தாண்டும். பின்சக்கர வண்டிக்கு அது வீண் சூடு. நான் சொல்வது 3660 அளவு (36 மி.மீ விட்டம், 60 மி.மீ நீளம்), நான்கு போல் (காந்த துருவம்), 3200 கேவி, 120 ஆம்ப் ஈஎஸ்சி. ஹாபிவிங் மேக்ஸ்10 எஸ்சிடி காம்போ இந்த வகைதான். மோட்டாரின் சுழல் நிலையை ஈஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் இல்லாவிட்டால் மெதுவாகக் கிளம்பும்போது கொஞ்சம் துடிக்கும். மண்ணில் விரட்டுகிறவர்களுக்கு அது பொருட்டில்லை.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பினியன். 3660 மோட்டாரின் தண்டு 5 மி.மீ, பழைய பினியனின் துளை 3.17 மி.மீ. 48 பிட்ச்சில் (பிட்ச் என்பது பல்லின் அளவு, எண் கூடினால் பல் சிறிதாகும்) 5 மி.மீ துளையோடு சிறிய பினியன் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் துளைக்கும் பல்லுக்கும் நடுவே உலோகமே மிஞ்சாது. ஸ்பரையும் சேர்த்து 32 பிட்ச்சுக்கு மாறிவிடுங்கள், பல்லும் தடிமனாக இருக்கும். ஸ்பர்-பினியன் விகிதம் 4.5-ஐ ஒட்டித் தொடங்குங்கள். பல் இடைவெளிக்கு ஒரு துண்டுத் தாளை நடுவே வைத்து மோட்டாரை நெருக்கி இறுக்கினால் போதும். ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைச் சோதியுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். விசிறி வாங்குவது அதற்குப் பிறகு.

பேட்டரி 5000 எம்ஏஎச், ஹார்டுகேஸ் (கெட்டி பிளாஸ்டிக் உறை). 2எஸ் வழக்கமாக 139×47×25 மி.மீ. 3எஸ் உயரம் கூடும், பிடிக்கும் பட்டை மூடுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். லேபிளில் உள்ள சி எண், கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு கரண்ட் தரும் என்பது. 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்ப். லேபிளில் பாதியை நம்பினாலும் இந்த மோட்டாருக்குப் போதும். கனெக்டர் எக்ஸ்டி90 அல்லது இசி5. எக்ஸ்டி60-இன் மதிப்பு 60 ஆம்ப்தான், 3எஸ்ஸில் சூடாகும்.

ஈஎஸ்சியில் பேட்டரி வகை லிப்போ என்று அமைக்காமல் என்ஐஎம்எச்சில் (நிக்கல் வகை பேட்டரி) விட்டால், வோல்ட் இறங்கும்போது மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லிப்போவுக்கு ஏற்றபடி வேலை செய்யாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி உப்பிவிடும், உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் 5 ஆம்ப், எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் முறையில். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயர்களில் எதாவது இரண்டை மாற்றுங்கள். சென்சார் மோட்டாரில் மட்டும் வயரைத் தொடாமல் ஈஎஸ்சி அமைப்பில் திசையை மாற்ற வேண்டும். 3எஸ் போட்டதும் முதலில் உடைவது பெரும்பாலும் பின்பக்க பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட். ஸ்லிப்பர் (அதிர்ச்சி வந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) நட்டை முழுக்க இறுக்கி அரைச் சுற்று தளர்த்தி, ஈஎஸ்சியின் பஞ்ச் (கிளம்பும் வேகம்) அளவையும் குறைத்து வைத்தால் அது கொஞ்ச நாள் தாங்கும். ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கும் காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.