காட்டு வேலைக்கு விலங்கியல் பட்டம் வேண்டுமா?

கேள்வி: மருத்துவ ஸ்கேன் படங்களில் கட்டியைக் கண்டறியும் ஏ.ஐ. பற்றிய என் பிஎச்.டி. முடியப்போகிறது. வயது 31. சின்ன வயதிலிருந்தே காடு, விலங்கு என்றால் எனக்கு உயிர். இந்தப் படிப்பை வைத்து வனவிலங்குப் பாதுகாப்பில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்ய முடியுமா? "விலங்கியலே படிக்காத உன்னை யார் எடுப்பார்கள்?" என்கிறார் என் கைடு. வீட்டிலோ பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியில் வேலைக்குச் சேரச் சொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: எடுப்பார்கள். ஆனால் ஏ.ஐ. தெரியும் என்பது மட்டும் போதாது. அது தெரிந்தவர்கள் இப்போது ஏராளம்.

2018 புலிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 26,838 இடங்களில், எதிரே ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சம் படங்களுக்கு மேல் வந்து குவிந்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. அத்தனையையும் ஆட்கள் உட்கார்ந்து பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால், எந்த விலங்கு என்று பிரிக்கவே தனி மென்பொருள் வேண்டியிருந்தது. நானும் ஒரு கோடையில் ஒரு நண்பருக்காக இப்படிப் படம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாளே, காற்றில் ஆடும் புல்லைப் பார்த்தால் கோபம் வரும் நிலைக்கு வந்துவிட்டேன்.

சரி, இதில் உங்களுக்கு என்ன வேலை? அதே 2018-இல், ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டுப் பகுதியில் எடுத்த 32 லட்சம் படங்களில் பழக்கிய ஏ.ஐ. மென்பொருள் (மாடல்) 48 வகை விலங்குகளை 93 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்கிறது என்று ஒரு ஆய்வு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதே ஆண்டு, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் சாரா பீரியும் உடன் பணியாற்றியவர்களும் வேறொன்றைக் காட்டினார்கள்: சில இடங்களின் கேமராப் படங்களில் கற்ற மாடலை, அது பார்த்தே இராத இன்னொரு இடத்துக் கேமராவில் ஓட்டினால் தடுமாறுகிறது. பின்னணியில் இருக்கும் மரமும் பாறையும் மாறினால் போதும், விலங்கைப் பிடிப்பதில் கோட்டை விடுகிறது.

இதைப் படித்ததும் உங்களுக்கு எங்கோ கேட்டதுபோல் இருக்க வேண்டுமே! ஒரு மருத்துவமனையின் ஸ்கேனில் கற்ற மாடல் இன்னொரு மருத்துவமனை மெஷினில் சொதப்பும் கதையேதான். உங்கள் ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு அத்தியாயமாவது இருக்கும். மிகக் கொஞ்சமாகவே கிடைக்கும் கட்டிப் படங்களை வைத்துக் கற்பிக்கும் சிரமமும் உங்களுக்குப் பழக்கம். அரிய விலங்குகளில் இருக்கும் சிக்கலும் அதுதான். உங்கள் கைடுக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் இதையே முன்னால் வையுங்கள்.

எங்கே போகலாம்? சாரா பீரி இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கிறார். அங்கேயே ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தான்யா பெர்கர்-வுல்ஃப், வரிக்குதிரையின் வரிகளைப் போன்ற உடல் அடையாளங்களை வைத்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அறியும் வேலையில் முன்னோடி. ஒலியில் ஆர்வம் என்றால் கார்னெல் பல்கலைக்கழகம். பறவைக் குரலை அறியும் பேர்ட்நெட் மென்பொருள் அங்கேயும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகத்திலும் உருவானது. ஐரோப்பாவுக்கு மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி ஃபெல்லோஷிப் இருக்கிறது. எந்த நாட்டவரும் போடலாம். பிஎச்.டி. முடித்து 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டும் தடையில்லை. ஷ்மிட் 'ஏ.ஐ. இன் சயின்ஸ்' ஃபெல்லோஷிப் ஒன்றும் கண்ணில் படும். பெயரில் ஏ.ஐ. இருக்கிறதே என்று உடனே பாய வேண்டாம். அது பிற அறிவியல் துறைகளில் பட்டம் பெற்றவர்களை ஏ.ஐ. பக்கம் கொண்டுவரும் நோக்கில் அமைந்தது. கணினியியல்காரர்கள் தகுதி விதியைப் படித்துவிட்டுத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இந்தியாவிலேயே இருக்க விரும்பினால் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் உண்டு. வயது வரம்பு 35, பெண்களுக்கு அதில் தளர்வும் இருக்கிறது. வழிகாட்டி ஒருவர் முன்பே சம்மதிக்க வேண்டும். டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையமே உங்கள் ஊர்ப் பக்கம்தானே!

விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். லைலா (LILA) என்ற இணையக் களஞ்சியத்தில் கேமராப் படத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, சில இடங்களின் படங்களில் மாடலைப் பழக்கி, மீதி இடங்களில் சோதித்து, எங்கே உடைகிறது என்று பாருங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஆய்வகத்துக்கு அரைப் பக்கக் கடிதம்: உடைந்த இடம், நீங்கள் யூகிக்கும் காரணம், அடுத்து செய்ய நினைப்பது. பத்துப் பக்க சி.வி.யைவிட இது எடுபடும்.

இன்னொன்று. மதுக்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். யானைகள் ரயிலில் அடிபடாமலிருக்க 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே தொடங்கிய ஏ.ஐ. கண்காணிப்பில் 12 கோபுரங்கள், 24 கேமராக்கள். முறையாக அனுமதி கேட்டு, இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் பேசுங்கள். யானையே இல்லாமல் மணி எத்தனை முறை அடித்தால் அவர் பொறுத்துக்கொள்வார்? தண்டவாளத்துக்கு எவ்வளவு முன்பே தெரிந்தால் ரயிலின் வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும்? இந்த எண்களை வைத்து உங்கள் மாடலை எடைபோடப் பழகினால், நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

வீட்டைப் பற்றி. போஸ்ட்டாக் என்பது பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம், அதற்குப் பின் நிரந்தரம் என்று எந்த உறுதியும் கிடையாது. இதை அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரு வருடம் அவகாசம் கேளுங்கள். பணம் நெருக்கினால் கல்லூரி வேலையில் சேர்ந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை.

கடிதத்தில் "சிறுவயதிலிருந்தே யானை பிடிக்கும்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு வரும் எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும்.