எக்ஸ்264 சேர்த்தால் காப்புரிமைக் கட்டணம் வருமா?

வணக்கம். திரைப்பதிவுச் செயலியை எக்ஸ்264 (எச்.264 முறையில் வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) சேர்த்து விற்கப்போகிறீர்கள், அது ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவதால் வேறு அனுமதி வேண்டாமே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும். ஜிபிஎல் தருவது எக்ஸ்264-ஐ எழுதியவர்களின் பதிப்புரிமை அனுமதி மட்டும். எச்.264 முறையின் காப்புரிமைகள் வேறு பல நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கான கூட்டு உரிமத்தை முன்பு எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம் கொடுத்தது, இப்போது வியா எல்ஏ. ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் உரிமத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்புறம், ஜிபிஎல்படி உங்கள் செயலியின் மூலநிரலையும் வாங்குபவருக்குத் தர வேண்டிவரும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எச்.264 கட்டாயம் வேண்டுமென்றால் அதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் ஓப்பன்எச்264 இருக்கிறது. காப்புரிமைக் கட்டணத்தை சிஸ்கோவே கட்டுகிறது. ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: சிஸ்கோ தொகுத்த பைனரியை (மூலநிரலிலிருந்து உருவாக்கிய, நேரடியாக இயங்கும் கோப்பை), பயனரின் கணினி சிஸ்கோ சர்வரிலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். மூலநிரலை நீங்களே தொகுத்தாலோ, பைனரியை உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்தாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபயர்பாக்ஸும் அதைத் தனியாகத்தான் இறக்குகிறது. ஒலியைச் சுருக்கும் ஏஏசி முறை சிஸ்கோவின் இந்த ஏற்பாட்டில் அடங்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெப்எம் வகைக் கோப்பில் வீடியோவுக்கு விபி9, ஒலிக்கு ஓபஸ் என்ற சுருக்க முறைகளை வைப்பேன். கூகுள் விபி9-க்குத் தன் காப்புரிமைகளை இலவசமாகவே தந்திருக்கிறது. சிஸ்வெல் நிறுவனம் விபி9, ஏவி1 (இன்னொரு வீடியோ முறை) இரண்டுக்கும் தனிக் காப்புரிமைத் தொகுப்பு அமைத்துக் கட்டணம் கேட்பது உண்மைதான். அதனால் விற்பனை பெருகும் முன் ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.