கூலே தெ செரான்: கெட்டுப்போன ஒயினா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸிலிருந்து வந்த நண்பர் ஒரு பாட்டில் ‘கூலே தெ செரான்’ கொடுத்தார், 2015ஆம் ஆண்டு அறுவடை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்தோம். தேன் நிறம், வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் வாசனை, முடிவில் கசப்பு. வெள்ளை ஒயின் இப்படி இருக்குமா? பயோடைனமிக் என்பதால் இப்படியா? பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். கார்க்கைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளை மாலை குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, 14 டிகிரி அளவுக்கு வந்ததும் சுவைத்துப் பாருங்கள். உண்மையிலேயே ஆக்ஸிஜனேறிக் கெட்ட ஒயின் காற்றுப்பட்டால் இன்னும் மோசமாகும். மறுநாள் பழுப்பேறி, சுவை தட்டையாகிவிடும். நலமான கூலே தெ செரான் காற்றில்தான் திறக்கும். ஆப்பிள் வாசனை பின்வாங்கி தேன், உலர்ந்த ஆப்ரிகாட், சாமந்தி என்று வரத் தொடங்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது கார்க்கின் குற்றம், எத்தனை நாள் வைத்தாலும் போகாது. நெயில் பாலிஷ் வாடை தூக்கலாக இருந்தால் அசிட்டிக் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பொருள்.

நீங்கள் குடித்தது ஷெனின் பிளாங்க். நாசிக்கிலிருந்து நம் கடைகளுக்கு வருவதும் அதே திராட்சைதான், ஆனால் அதை இளசாக, சில்லென்று குடிக்கவே செய்கிறார்கள். இந்த ஒயினைக் குளிர்வித்தால் மணம் அடங்கி, புளிப்பும் கசப்பும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் அதுவே.

நிறத்துக்குக் காரணம் அறுவடை. தோட்டம் பிரான்சில் ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கே, லுவார் ஆற்றைப் பார்த்த செங்குத்தான சரிவில் சுமார் 7 ஹெக்டேர், ஷிஸ்ட் பாறை மண். 1130 வாக்கில் சிஸ்டர்சியன் துறவிகள் கொடி நட்ட இடம். தோட்டத்தின் பெயரிலேயே தனி ஏ.ஓ.சி. (ஒயின் விளையும் இடத்துக்கான பிரெஞ்சு அரசு அங்கீகாரம்) இருக்கிறது, தோட்டம் முழுக்க ஜோலி குடும்பத்துடையது. அங்கே ஒரே மூச்சில் பறிப்பதில்லை. சில வாரங்களில் பலமுறை சுற்றிவந்து, பழுத்ததை மட்டும் எடுக்கிறார்கள். சில குலைகளில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்திருக்கும். அதன் லாக்கேஸ் நொதி சாற்றிலுள்ள பீனால்களை ஆக்ஸிஜனேற்றுவதால் பொன்னிறம் ஏறுகிறது. நொதிப்பு இயற்கை ஈஸ்ட்டில், பழைய மரப்பீப்பாயில், கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட் குறைவு.

பயோடைனமிக் பற்றி. ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த வேளாண் முறை. நிக்கோலா ஜோலி 1980 வாக்கில் இங்கே தொடங்கி, சில ஆண்டுகளில் தோட்டம் முழுவதையும் மாற்றினார். ‘500’ என்னும் தயாரிப்புக்குப் பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர்காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுக்கிறார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம், 30 லிட்டரை ஒட்டிய தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். சுழல் உருவானதும் திசையை மாற்றிச் சுற்ற வேண்டும். பிறகு மண்ணில் தெளிப்பு. ‘501’ அரைத்த குவார்ட்ஸ், ஹெக்டேருக்குச் சில கிராம், இலைமேல்.

கொம்புச் சாணத்துக்குத் தனியாக விளைவு உண்டென்று ஆய்வுகள் நம்பும்படி நிறுவவில்லை. களைக்கொல்லி இல்லாத உயிருள்ள மண், குறைந்த விளைச்சல், கொடி கொடியாகப் பார்க்கும் கவனம், இவற்றைத்தான் நான் கோப்பையில் நம்புகிறேன். அந்தக் கவனத்தை இந்த முறை கட்டாயமாக்குகிறது என்பதே எனக்கு அதன் பெரிய மதிப்பு. அதற்குரிய விலையும் உண்டு. பூஞ்சைக்கு எதிராகத் தாமிரமும் கந்தகமும்தான் முக்கிய ஆயுதம். இரண்டும் இலையின் மேற்பரப்பைக் காப்பவை, மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். தாமிரத்துக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்ற உச்சவரம்பு. ஈரமான ஆண்டில் அடிச்சாம்பல் நோய் வந்தால் பாதிக் குலை போகலாம்.

அடுத்த பாட்டில் கிடைத்தால் முந்தின நாளே திறந்து டிகாண்டரில் (காற்றுப்பட வைக்கும் கண்ணாடிக் குடுவையில்) ஊற்றி, மூடிக் குளிர்ச்சியில் வையுங்கள். லுவார்க்காரர்கள் வெண்ணெய்ச் சாஸோடு ஆற்றுமீன் சாப்பிடுவார்கள், அதற்கு இது அருமையான துணை. மிளகாய்க் காரத்தோடு வேண்டாம். இதில் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம், காரத்தின் எரிச்சலை அது கூட்டிவிடும்.