கரூ வழியாகச் சைக்கிளில் போகும்போது எந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கரூ பாலை நிலத்தின் வழியாகத் தனியாகச் சைக்கிளில் போக விரும்பும் ஒருவர், கைப்பேசி வரைபடம், மின்னணு கியர், டியூப்லெஸ் டயர், பவர் பேங்க் ஆகியவற்றை நம்பிப் புறப்படலாமா, அல்லது எல்லாவற்றையும் பழைய முறையிலேயே வைத்துக்கொள்வது நல்லதா என்று கேட்டிருக்கிறார்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிப்பவன். நீண்ட விடுமுறை கிடைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு இந்தச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுபவன். ஒவ்வொரு கருவியைப் பற்றியும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது நடுவழியில் பழுதானால், கையிலிருக்கும் பொருள்களை வைத்துக்கொண்டு, அடுத்துத் தண்ணீர் கிடைக்கும் இடம் வரை போய்ச் சேர முடியுமா? முடியுமென்றால் அது எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் தாராளமாக நம்பலாம். முடியாதென்றால் அதற்கு மாற்று ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும்.

தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கால்வினியாவிலிருந்து சீரிஸ் வரை செல்லும் ஆர்-355 சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை, இடையில் ஓர் ஊர்கூடக் கிடையாது, பல மணி நேரம் ஓட்டினாலும் கைப்பேசியில் சிக்னல் வராது. வரைபடத்தில் காற்றாலைக் கிணறு என்று குறியிட்டிருப்பதைப் பார்த்து, அங்கே நீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. இறக்கை சுழன்றுகொண்டே இருக்கும், குழாயில் ஒரு சொட்டும் வராது. தொட்டியின் அடியில் காய்ந்த பாசி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கோடையில் ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு லிட்டராவது சுமந்து செல்ல வேண்டும். நீரின் அளவு இப்படி முடிவாகிவிட்டால், பழுது பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

முதலில் டயர், ஏனென்றால் இந்தச் சாலையில் முதலில் பழுதாவது அதுதான். உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம், கரூ முழுவதும் பரவிக் கிடக்கும் நெருஞ்சி முள்ளை மிக நன்றாகச் சமாளிக்கிறது. முள் குத்தியதே தெரியாமல் நாள் முழுக்க ஓட்டலாம். அந்த வகையில் அது டியூபைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆர்-355 சாலையின் கற்கள் வேறு வகை. தகடு தகடாக உடைந்து கத்தி விளிம்போடு நிற்கும் அந்தக் கல், டயரின் தரையைத் தொடும் பகுதியை விட்டுவிட்டுப் பக்கச் சுவரைக் கிழிக்கும். கட்டைவிரல் அகலத்துக்குக் கிழிந்துவிட்டால் திரவம் முழுவதும் வெள்ளையாகப் பீய்ச்சி அடித்துக் காலிலும் பையிலும் வழியுமே தவிர, அடைக்காது. அங்கே உதவுவது பழைய டயரிலிருந்து வெட்டியெடுத்த உள்ளங்கை அளவுத் துண்டு, தடித்த ஊசி, மெழுகு தடவிய நைலான் நூல், ஒரு சாதாரண டியூப். கிழிசலின் இருபுறமும் நூலை நெருக்கமாக ஓட்டித் தைத்து, உட்புறம் அந்தத் துண்டை வைத்து, டியூபை நுழைத்துக் காற்றைச் சற்றுக் குறைவாக அடித்தால், டயர் அந்த இடத்தில் கொஞ்சம் புடைத்துக்கொண்டாலும் ஊர் போய்ச் சேரும். என் மைத்துனரின் பின் சக்கரம் அப்படித்தான் சீரிஸ் வரை ஓடியது. டியூப்லெஸ்ஸில் போங்கள், ஆனால் டியூபும் ஊசியும் இல்லாமல் போகாதீர்கள். அந்தத் திரவம் வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடத்தில் சில மாதங்களிலேயே உலர்ந்துவிடும் என்பதால் புறப்படுவதற்கு முன் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

டயர் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் ஒரே 622 மில்லிமீட்டர் ரிம்தான். மலைச் சைக்கிள் ஓட்டம் இங்கே நன்கு வேரூன்றியிருப்பதால் ஓரளவு பெரிய ஊர்களில் 29 அங்குல டயர் கிடைத்துவிடுகிறது. உங்கள் ஃபிரேமில் நுழையும் அகலம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்குரிய சிறிய பித்தளை அடாப்டரை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்க முடியாது.

மின்னணு கியரைப் பொறுத்தவரை, எல்லோரும் பேட்டரியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது சிறிய கவலை. கம்பியில்லாத கியர்களில் ஒரு பேட்டரி சுமார் 60 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். மாற்று பேட்டரி ஒன்று சட்டைப் பையில் அடங்கிவிடும். உண்மையான ஆபத்து சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுவதில் இருக்கிறது. அப்போது பின் கியர் மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு வளையும் அல்லது உடையும். கேபிள் கியரானாலும் மின்னணு கியரானாலும் பெரும்பாலும் இதற்குத் தப்பாது. இந்தத் துண்டு பல ஃபிரேம்களுக்கு வெவ்வேறு வடிவத்தில் வருவதால், பெருநகரக் கடையிலும் உங்களுடையது இருக்குமென்று சொல்ல முடியாது. இதை வாங்கி ஃபிரேமோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கியரே உடைந்தால், கேபிள் கியரை எந்த ஊரிலும் ஒப்பேற்றிவிடலாம், மின்னணு கியரை முடியாது. எனவே தனியாகச் செல்பவருக்கு நான் கேபிள் கியரையே பரிந்துரைப்பேன். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கும் இதே எண்ணம்தான்: சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம், ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். கேபிள் பிரேக்குக்கு ஒரு கம்பி போதும்.

ஸ்போக்ஸ் கம்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சுமையோடு செல்பவருக்கு அதுதான் பெரிய விஷயம். பின் சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிட அதிக இறுக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் உடைவதும் அந்தப் பக்கம்தான், மாற்றுவதற்குப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருப்பதும் அந்தப் பக்கம்தான். டோங்காட் சர்க்கரை ஆலைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த என் தாத்தா, கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டிக் காதால் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பதைக் கால் சுற்று இறுக்க வேண்டும். நானும் ஒவ்வொரு மாலையும் கூடாரம் போட்ட பிறகு இதைச் செய்கிறேன். சரியான நீளத்தில் நான்கு கம்பிகளும் அவற்றை இறுக்கும் நிப்பிள் சாவியும் பல்சக்கரம் கழற்றும் சிறிய கருவியும் சேர்ந்தாலும் ஒரு ஆப்பிளின் எடைகூட வராது.

கைப்பேசியிடம் நாம் வேலைகளைக் குவித்துவிடுகிறோம்: வழி, அவசர அழைப்பு, பணம், விளக்கு, புகைப்படம். ஒன்று போனால் எல்லாம் போய்விடும். ஹேண்டில்பாரில் மாட்டிச் சரளைச் சாலையில் ஓட்டுவதையும் நான் தவிர்க்கிறேன்; மோட்டார் சைக்கிள் அதிர்வினால் கேமராவின் நிலைநிறுத்தும் பகுதி பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். விமானப் பயண முறையில் வைத்தாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் போதும். ஆனால் அந்த வரைபடம் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. பண்ணைக்குள் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ஓடும் தனியார் பாதையையும் பொதுச் சாலையைப் போலவே அது காட்டும். டர்பனைச் சுற்றி என்-2, என்-3 ஆகிய நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லாத ஃபிரீவே பகுதிகள் உண்டு. காருக்கான வழியைக் கேட்டால் அங்கேதான் கொண்டுபோய் விடும். தெற்கே போக ஆர்-102, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போக ஆர்-103 ஆகிய பழைய சாலைகளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாமல் வழி கண்டுபிடிப்பது முடியாத காரியமும் அல்ல: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வெலிங்டன் வரை சுமார் 2,300 கிலோமீட்டர் ஓடும் ஃப்ரீடம் சேலஞ்ச் சைக்கிள் பந்தயத்தில் ஜி.பி.எஸ்.ஸுக்கு இடமில்லை, காகித வரைபடமும் திசைகாட்டியும்தான்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கில் இருப்பது சுமார் 37 வாட்-மணி. சார்ஜ் ஏற்றும்போது ஒரு பங்கு வீணாகிவிடும். முன் சக்கர டைனமோ தருவது 3 வாட் அளவுதான், அதுவும் சமதளத்தில் சுறுசுறுப்பாக ஓட்டும்போது. ஏற்றத்திலும் மணலிலும் மெதுவாகப் போகும்போது அதை நம்பிப் பயனில்லை. 2022, 2023 ஆண்டுகளின் கடும் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டின்போது ஊருக்குள்ளேயே பிளக்கில் மின்சாரம் இல்லாமலும், டவர்களின் பேட்டரி தீர்ந்து சிக்னல் இல்லாமலும் இருந்ததை நாமெல்லாம் பார்த்தோம். ஊரில் மின்சாரம் இருக்கும்போதே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிர்காலக் கரூ இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். பேட்டரிகளைத் தூங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், உறைகுளிரில் சார்ஜ் ஏற்றாதீர்கள். சார்ஜ் கேபிள் இரண்டு வேண்டும், ஏனெனில் முதலில் சாகிறது அதுதான்.

நான் முழு மனதோடு பணம் செலவழிக்கச் சொல்லும் ஒரே மின்னணுப் பொருள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. இரிடியம் வலையமைப்பின் 66 செயற்கைக்கோள்கள் பூமி முழுவதையும் சூழ்ந்திருப்பதால், வானம் திறந்திருக்கும் இடத்தில் டவர் இல்லாமலேயே செய்தி போய்ச் சேரும். டவர் இருக்கும் இடத்தில் கைப்பேசியிலிருந்து அவசர எண் 112ஐ அழைத்தால் போதும். எலும்பு முறிந்து சரளையில் கிடப்பவருக்குக் கையிலுள்ள பொருள்களால் எதையும் சரிசெய்ய முடியாது என்பதால், என் கேள்விக்கு விதிவிலக்கு இது ஒன்றுதான். மாதச் சந்தாவைப் புறப்படும் மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் அதன் செய்தி எப்படி வரும், எத்தனை மணி நேரம் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.