தனி வீட்டை விற்று ஃபிளாட்டுக்கு மாறும்போது: நம் தரப்பு புரோக்கர் பற்றிக் கேள்வி பதில்

சென்னையில் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு மாற நினைப்பவர்கள், வாங்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு புரோக்கரை வைத்துக்கொள்வது குறித்துக் கேட்டவை இவை.

மடிப்பாக்கம்: எங்கள் வீட்டுக்கு ஆள் பிடித்துத் தந்த புரோக்கரே ஃபிளாட்டும் பார்த்துத் தருகிறேன் என்கிறார். தங்கமான மனிதர். அவரையே வைத்துக்கொள்ளலாமா?

மனிதர் எப்படி என்பது இங்கே பிரச்சினை இல்லை சார். உங்கள் கைக்கு எவ்வளவு வரப்போகிறது, எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற இரண்டும் அவருக்குத் தெரியும். ஃபிளாட் விற்பவருக்குத் தெரியவே கூடாத விஷயங்கள் அவை. நம் ஊர் வழக்கப்படி அவர் விற்பவரிடமும் ஒன்றோ இரண்டோ சதவீதம் வாங்குவார். விலை இறங்கினால் இரண்டு பக்கக் கமிஷனும் இறங்கும். பிறகு யாருக்காகப் பேசுவார்? வேறு ஆள் பாருங்கள். அவருக்கும் உங்கள் உச்ச பட்ஜெட்டைச் சொல்லாதீர்கள், பத்து சதவீதம் குறைத்தே சொல்லுங்கள்.

அண்ணா நகர்: "உங்களுக்காக மட்டும் வேலை செய்கிறேன்" என்கிறார் ஒருவர். எதை நம்பி ஒப்புக்கொள்வது?

ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விற்பவரிடமிருந்தோ பில்டரிடமிருந்தோ ஒரு பைசாவும் வாங்கமாட்டேன் என்பது முதல் வரி. கட்டணம் சதவீதமாக வேண்டாம், மொத்தத் தொகையாகப் பேசுங்கள். விலை ஏற ஏறத் தன் வரும்படி ஏறுமென்றால் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். பணம் பத்திரப்பதிவு அன்றுதான், அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் இல்லை. 90 நாள் கெடு வையுங்கள். நீங்களே கண்டுபிடித்த வீட்டுக்குக் கட்டணம் கிடையாது என்றும் எழுதுங்கள். இது விடுபட்டால் சொந்தக்காரர் காட்டிய வீட்டுக்கும் வந்து கை நீட்டுவார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பெருங்குடி: புது ப்ராஜெக்டில் "வாங்குபவருக்குக் கமிஷன் இல்லை" என்கிறார்களே?

பில்டர் கொடுக்கிறார், அவ்வளவுதான். அவர் பில்டரின் ஆள். பதிவு பெற்ற ப்ராஜெக்டை விற்றுத்தர ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி ஏஜென்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடிப் பாருங்கள். கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கேதான் எழுத்து ஒப்பந்தம் அதிகம் தேவைப்படும்.

மேற்கு மாம்பலம்: ரீசேல் ஃபிளாட்டில் அவர் என்னவெல்லாம் பார்த்துத் தர வேண்டும்? வீடு காட்டுவதோடு சரியா?

வீடு காட்ட ஆட்டோக்காரர் போதும் அம்மா. நீங்கள் காசு கொடுப்பது யு.டி.எஸ். கணக்குக்கு, அதாவது மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சேரும் பிரிக்காத நிலப் பங்குக்கு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஐந்து ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு 30 வருட வில்லங்கச் சான்று (பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டால் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் எவ்வளவு பாகம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். கூட்டிப் பாருங்கள். ஐந்து பேருக்கும் 500 என்று எழுதியிருந்தால் மொத்தம் 2,500. யாரோ ஒருவருடைய நூறு அடி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புக்கொண்ட வரைபடத்தில் நான்கு ஃபிளாட்டுக்குத்தான் அனுமதி என்றால் ஐந்தாவதாகக் கட்டியதை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

ஒரிஜினல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கும் பதிவு செய்யாமல் பத்திரத்தை மட்டும் அடகு வைத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராது. அசோசியேஷன் பாக்கி, சொத்து வரி, மின் கட்டணம் எல்லாவற்றுக்கும் கடைசி ரசீது வாங்கித் தரவேண்டியதும் அவர் வேலை. வக்கீல் பார்வை தனி, அதை இவரிடம் விடாதீர்கள்.

இன்னொன்று. டேப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சாதாரண வீல்சேர் 65 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பழைய ஃபிளாட்டுகளில் பாத்ரூம் கதவு பலவற்றில் இரண்டடிதான், அதாவது 61. லிஃப்ட் கதவு திறக்கும் அகலம், கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, கீழ்வாசலில் எத்தனை படி, மூன்று கதவு தேக்கு பீரோ மாடிப்படி வளைவில் திரும்புமா: இவ்வளவும் அட்வான்ஸுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

அம்பத்தூர்: வீடு 1.6 கோடிக்குப் போகிறது, அதில் லாபம் 1.2 கோடி. ஃபிளாட் 85 லட்சம். வரி வருமா?

வரும், இது பலர் எதிர்பார்க்காதது. ரீசேலுக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்: 7.65 லட்சம். அதையும் சேர்த்துப் புது வீட்டின் அடக்கம் 92.65 லட்சம். வீடு விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும், நாம் 54-ஆம் பிரிவு என்று சொல்லிப் பழகிய வரிச் சலுகை அவ்வளவுக்குத்தான். மிச்சம் 27.35 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, சுமார் 3.42 லட்சம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் 20 சதவீத இண்டெக்சேஷன் கணக்கையும் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திப் போடுவது) போட்டு, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற ஆறு மாதத்துக்குள் அந்த மிச்சத்தை 54 ஈ.சி. என்று சொல்லும் அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போட்டால் வரி இல்லை. ஐந்து வருடம் எடுக்க முடியாது.

ஃபிளாட்டை மகன் பெயரில் மட்டும் வாங்காதீர்கள். விற்றவர் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால் சலுகையில் வருமான வரித்துறை தகராறு செய்யும்.

வேளச்சேரி: முதலில் விற்பதா, வாங்குவதா?

விற்றபின் வாங்க இரண்டு வருடம் இருக்கிறது, விற்பதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். அவசரம் வரியால் வருவதில்லை, காலி செய்யும் தேதியால்தான் வருகிறது. உங்கள் வீட்டுக்கான விற்பனை ஒப்பந்தத்திலேயே, பதிவு முடிந்து மூன்று மாதம் இன்ன வாடகையில் இருப்போம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்குபவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர் என்றால் பிளான் அனுமதி வரும்வரை அவருக்கும் வீடு காலியாகத்தானே கிடக்கும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். ஃபிளாட் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (விற்பவர் கணக்கில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் தனித்தனியாக. விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் இந்த ஒரு சதவீதக் கணக்கே செல்லாது, ஆடிட்டரிடம் கேட்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.