பிளாக் டை விருந்துக்குக் கில்ட் போகுமா?

கேள்வி: கிளாஸ்கோவில் படித்தபோது ஆசையாக ஒரு கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், மடிப்பு வைத்த கட்டம் போட்ட பாவாடை) தைத்துக்கொண்டேன். இப்போது லண்டனில் வேலை. அடுத்த மாதம் அலுவலக விருந்து. அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று போட்டிருக்கிறார்கள், அதாவது கறுப்புக் கோட்டும் போ டையுமாக வர வேண்டிய மாலை விருந்து. ஸ்காட்லாந்துக்காரர் யாரும் வரப்போவதில்லை, நானும் ஸ்காட்லாந்துக்காரன் இல்லை. கில்ட்டில் போனால் தப்பாகுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். பிரிட்டனில் டின்னர் ஜாக்கெட் எனும் அந்தக் கறுப்பு விருந்துக் கோட்டுக்கு ஈடான மாலை உடையாகவே கில்ட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். இன்னார்தான் உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. கில்ட் துணியின் கட்ட வடிவத்தை டார்டன் என்பார்கள். அதில் பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது. அதைத் தொட வேண்டாம். பிளாக் வாட்ச் போன்ற டார்டன்கள் எல்லாருக்கும் பொது. அதன் கரும்பச்சை, கருநீலக் கட்டங்கள் கறுப்புக் கோட்டோடு இரவில் அருமையாகச் சேரும்.

பெரும்பாலும் சொதப்புவது கோட்டில்தான். சாதாரண டின்னர் ஜாக்கெட்டைக் கில்ட்டுக்கு மேல் மாட்டினால், அதன் நீளம் பின்பக்க மடிப்புகளை மூடிவிடும்; கோட்டுக்குக் கீழே பாவாடை தொங்குவதுபோல் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 'பிரின்ஸ் சார்லி'. முன்பக்கம் இடுப்போடு நின்று, பின்னால் குட்டி வால் வைத்த கோட்டு அது. உள்ளே வெயிஸ்ட்கோட் எனும் கையில்லாத உட்கோட்டு, கழுத்தில் கறுப்பு போ டை. வாங்கத் தேவையில்லை, வாடகைக்கே கிடைக்கும். ட்வீட் எனும் கம்பளித் துணிக் கோட்டு பகல் கல்யாணத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம். முன்னால் தொங்கும் ஸ்போரன் பையும் அப்படித்தான்: வெறும் தோல் பகலுக்கு, ரோமம் வைத்தது இரவுக்கு.

ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் கில்ட்டைக் கட்டாதீர்கள். தொப்புள் மட்டத்தில் கட்டினால்தான் ஓரம் முழங்கால் நடுவில் வந்து நிற்கும். மடிப்பெல்லாம் பின்னால், முன்னால் வரும் மடிப்பில்லாத துணியின் ஓரம் முடிவது உங்கள் வலப்பக்கம். அங்கே குத்தும் ஊக்கை மேல் துணியில் மட்டும் குத்துங்கள். மேல், அடித் துணி இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். உட்காரும்போது புறங்கையால் பின்மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் எழும்போது கசங்கிப்போய் நிற்கும்.

காலுறையில் செருகும் சின்னக் கத்தி? தேசிய உடையின் அங்கம் என்றால் இங்கிலாந்துச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அலுவலக விருந்து வாசலில் நின்று காவலாளியிடம் சட்டம் பேசுவானேன்! வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம், படிக்கும்போது தைத்தது என்கிறீர்கள். இடுப்பில் ஏறுகிறதா என்று இன்றைக்கே கட்டிப் பாருங்கள். வார்ப்பட்டையைக் கொஞ்சம் தள்ளித் தைத்து வாங்கலாம், ஆனால் தையல்காரருக்கு நாள் கொடுக்க வேண்டும்.